மேசை மேல் நாலு வட்டம்

ஈப்போவில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றால், அந்தப் பெண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மங்களத்துக்குத் தெரிந்துவிடும். மாப்பிள்ளை குடிக்கிறாரா, குதிரைப் பந்தயத்துக்குப் போகிறாரா, சிலிம் ரிவர் ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் வைத்திருக்கிறாரா என்று விசாரித்துச் சொல்வது அவள் தொழில். மீரா சாஹிப்பின் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில், 'மங்களம் துப்பறியும் நிலையம்' என்று பலகை தொங்கும். இதே வேலையைத் தாங்கள் துணி காயப்போடும்போது இலவசமாகச் செய்வதாகப் பக்கத்து வீட்டுப் பெண்கள் சொல்லிக்கொண்டார்கள். சொல்லட்டும். அவர்களிடம் பலகை இல்லை.

உதவியாள் சீனி, முன்பு லோரியில் கெலிண்டானாக இருந்தவன். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போய், சாமான் ஏற்றி இறக்குகிற வேலை அது. ஏற்றி இறக்குவதைவிடப் பேச்சு அதிகமாகிப் போனதால் மூன்று முதலாளிகள் அவனையே இறக்கிவிட்டார்கள். மங்களம் அந்த வாய்க்காகத்தான் அவனைச் சேர்த்துக்கொண்டாள். அவன் பேசிக்கொண்டிருந்தால் எல்லோரும் அவனையே பார்ப்பார்கள். அவளை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

எண்பத்தாறாம் வருஷம், சரஸ்வதி பூசை நாள் காலையில், மீரா சாஹிப்பின் மகன் ரஹ்மத் மாடிப்படி ஏறி வந்தான். முப்பது வயது, பக்கத்துச் சந்தில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். ஏதோ இழவு வீட்டிலிருந்து வருகிறவன் மாதிரி இருந்தது முகம்.

நடந்தது இதுதான். பக்கத்து ஊரான கோப்பெங்கில் நல்லம்மாள் தட்டச்சு வகுப்பு நடத்துகிறாள். இனிமேல் கம்ப்யூட்டர்தான் என்று யாரோ சொல்ல, தனக்கும் ஒன்று வேண்டும் என்று ரஹ்மத்திடம் சொன்னாள். அவன் சிங்கப்பூரிலிருந்து சாமான்களைத் தனித்தனியாக வரவழைத்து, தன் கையாலேயே பூட்டி ஒரு கம்ப்யூட்டர் செய்தான். அவன் செய்த முதல் கம்ப்யூட்டர். அவன் கடையில் திரையில் பச்சை எழுத்து பளிச்சென்று வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோப்பெங்குக்குக் கொண்டுபோய் வைத்தான். நல்ல நேரம் பார்த்து மறுநாள் காலையில்தான் சுவிட்சைப் போட வேண்டும் என்று நல்லம்மாள் சொல்லிவிட்டாள். மறுநாள் பத்துப் பேரை வரவழைத்துப் போட்டாள். உள்ளே காற்றாடி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கரிச்சட்டி மாதிரி இருந்தது.

ரஹ்மத் ஓடினான். திறந்து பார்த்தான், வயரை மாற்றினான், திரையையே மாற்றினான், அட்டைகளைக் கழற்றித் துடைத்து மாட்டினான். ஒன்றும் வரவில்லை. நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டு பழசை வைத்துவிட்டான் என்று நல்லம்மாள் அந்தப் பத்துப் பேர் முன்னாலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு ரஹ்மத்துக்கு முன்னால் ஈப்போ வந்து சேர்ந்தது. கம்ப்யூட்டர் கேட்டிருந்த இரண்டு பேர் இப்போது அவனைக் கண்டால் தெருவின் எதிர்ப்பக்கம் போகிறார்கள். நாளைக்கு விஜயதசமி, வகுப்புத் திறப்பு விழா. அதற்குள் திரை எரியவில்லை என்றால் கடையை மூடிவிட்டுச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து ரொட்டி வீசு என்று அவன் வாப்பா சொல்லிவிட்டார்.

"எனக்கு ரொட்டி வீச வராது அக்கா. போன நோன்புல வீசுனது ஃபேன்ல மாட்டிக்கிச்சு."

"அது இன்னும் அங்கதான் பாய் சுத்துது. நான் துண்டுன்னு நெனச்சேன்," என்றான் சீனி.

மங்களம் தனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆட்களைத்தான் தெரியும் என்றாள். பெட்டியை முழுக்கப் பார்த்துவிட்டேன், ஆட்களைத்தான் நான் பார்க்கவில்லை என்றான் ரஹ்மத். அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துப் போனது. திறந்தபோது ஏதாவது விசித்திரமாக இருந்ததா என்று கேட்டாள்.

அவன் யோசித்தான். மூடியின் திருகாணிகளை அவன் இரண்டு விரலால்தான் முடுக்குவானாம். சனிக்கிழமை திறக்கும்போது அவை அசையவே இல்லையாம். திருப்புளி வளைந்து போயிற்றாம். உள்ளே கரண்ட் வருகிற வெள்ளித் தகரப் பெட்டியில் லேசாகச் சிவப்புக் கறை இருந்ததாம். துரு என்று விட்டுவிட்டானாம். அப்புறம் இன்னொன்று. நல்லம்மாளின் புருஷன் அர்ச்சுனன், லோரி முதலாளி, மீசையைப் பார்த்தாலே ஆள் ஒதுங்குகிற மனுஷன், அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. போகும்போது ஒரு கூடை ரம்புத்தான் பழத்தைக் கட்டிக் காரில் வைத்துவிட்டாராம்.

"பொண்டாட்டி திருடன்னு சொன்ன ஆளுக்குப் புருஷன் பழம் கட்டிக் கொடுத்தாரா?" என்றாள் மங்களம்.

"இனிப்பா இருந்திச்சா பாய்?" என்றான் சீனி. வழக்குக்கு இது தேவையில்லைதான்.

மங்களத்தின் பழைய டட்சன் கார் கோப்பெங்குக்குப் புறப்பட்டது. ரஹ்மத்தைக் கடைத்தெருவில் ஒரு கோப்பிக் கடையில் உட்கார வைத்துவிட்டு, இருவரும் நல்லம்மாள் வீட்டுக்குப் போனார்கள். சீனிக்குக் கம்ப்யூட்டர் படிக்க ஆசை, சேர்க்க வந்திருக்கிறோம் என்பது கதை.

நல்லம்மாள் பூசை நாள் பட்டுப்புடவையில் வாசலிலேயே நின்று, வருகிறவர்களுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். ஒல்லியான உடம்பு, டைப் அடித்து அடித்து மெலிந்த விரல். மோதிர விரலால் தொட்டு, புருவத்துக்கு நடுவிலிருந்து மேலே ஒரே இழுப்பு. சீனியின் நெற்றியில் ஆரம்பித்த பொட்டு தலைமுடிக்குள் போய் முடிந்தது. டைப் எவ்வளவு வேகம் அடிப்பாய் என்று கேட்டாள். பேசுகிற வேகத்தை வேண்டுமானால் காட்டுகிறேன் என்றான் சீனி.

வந்தவர்களுக்குக் கொண்டைக்கடலை கிடைத்தது, கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. தட்டச்சு யந்திரங்கள், புத்தகங்களோடு அதுவும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. பூசையில் வைத்த சாமானை மறுநாள் காலைதான் எடுக்க வேண்டும். அதுவரை யாரும் தொடக்கூடாது. நாளைக்கும் எரியாவிட்டால் கூட்டத்துக்கு நடுவில் வைத்து அந்த ஈப்போ பையன் செய்த வேலை இதுதான் என்று காட்டப் போவதாக நல்லம்மாள் சொன்னாள். தன் பெயர் கெட்டதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கொலை நடந்த வீட்டில் பிணத்தைப் பார்க்காதே என்று சொன்ன மாதிரி இருந்தது சீனிக்கு. மங்களமோ வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னலோரம் கம்ப்யூட்டர் முதலில் இருந்த மேசை. புதிதாக வார்னிஷ் அடித்தது. அதில் வெளுத்துப்போய் நாலு வட்டம்.

"மேசைக்குப் படர்தாமரை," என்று சீனி அவள் காதில் சொன்னான்.

எவனோ சூடான குவளையை வைத்துவிட்டான் என்று நல்லம்மாள் அலுத்துக்கொண்டாள். நாலு பேர் நாலு மூலையில் குவளையை வைத்தார்களா என்று மங்களம் கேட்கவில்லை. சீனியைப் பார்த்தாள். அவன் புரிந்துகொண்டு, இந்த மேசை தன் வீட்டுக் கதவுக்குள் நுழையுமா என்று தெரியவில்லையே என்று புலம்பியபடி வட்டத்துக்கு வட்டம் சாண் போட்டான். அப்புறம் சாமி கும்பிடுகிற சாக்கில் போர்த்திய கம்ப்யூட்டருக்கு முன்னால் விழுந்து, தொடாமல், பக்கத்துத் தரையில் சாண் போட்டான். அவனுக்கு இவ்வளவு பக்தியா என்று நல்லம்மாள் வியந்தாள். அளவு ஒன்றுதான். நாலு வட்டமும் பெட்டியின் நாலு ரப்பர்க் காலும் ஒரே இடம்.

பின்பக்கம் லோரிக் கொட்டகை. அர்ச்சுனன் மூன்று லோரிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி வரிசையாக நிறுத்தியிருந்தார். மூன்றுக்கும் போனட் திறந்திருந்தது. மங்களம் சீனியோடு அங்கே போய் நின்றாள். போகிற வழியில் ஒரு பையனை அனுப்பி ரஹ்மத்தையும் பின்பக்கமாக வரவழைத்திருந்தாள். அவனைக் கண்டதும் அர்ச்சுனன் மீசை கொஞ்சம் தொங்கியது.

"சீனி, புது லோரிய வீட்டுக்குக் கொண்டாந்தா மொதல்ல என்னா செய்வீங்க?"

"இது தெரியாதா அக்கா. நாலு டயருக்கு அடியில நாலு எலுமிச்சம்பழம் வச்சு நசுக்குவோம்."

"பெறகு?"

"பெறகு போனட்டத் தொறந்து எஞ்சினுக்குப் பொட்டு..."

சீனியின் வாய் திறந்தபடியே நின்றது. அவனைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படி ஒரு காட்சியை அதற்கு முன் பார்த்ததில்லை. எலுமிச்சம்பழச் சாறு பட்டால் வார்னிஷ் வெளுக்கும். நாலு கால், நாலு பழம். கையில் உறுதியுள்ள ஒருவர் போனட்டைத் திறந்து, மறுபடி லோரி நட்டை முடுக்குகிற மாதிரி முடுக்கியிருக்கிறார்.

அர்ச்சுனன் ஒரு டயர் மேல் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷமாகத் தன் வீட்டு வாசலுக்கு வந்த எந்த எஞ்சினும் பொட்டு இல்லாமல் ஓடியதில்லை என்றார். பெட்டிக்குப் பக்கத்தில் தூசு, திருநீறு, எண்ணெய் எதுவும் வரக்கூடாது என்று ரஹ்மத் சொன்னதை நல்லம்மாள் சட்டமாகவே போட்டுவிட்டாளாம். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போன நேரத்தில் திருட்டுத்தனமாகச் செய்ய வேண்டியதாயிற்று. பழத்தை வைத்துப் பெட்டியை அழுத்தி, மூடியைத் திறந்து, வெள்ளிப் பெட்டிக்கு ஒரு குங்குமப் பொட்டு. அதற்குள் செருப்புச் சத்தம். பழத்தைப் பொறுக்கிக்கொண்டு, திறந்த பெட்டி மேல் துணியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார். விடியற்காலையில் வந்துதான் குங்குமத்தைத் துடைத்து, மூடியை முடுக்கினாராம்.

"அப்ப ராத்திரி பூரா மூடி இல்லாமயா இருந்திச்சு?" என்றாள் மங்களம்.

"துணி போட்டிருந்திச்சு லா. தங்கச்சி, அவகிட்ட சொல்லிறாதீங்க. நானே கெடுத்துட்டேன்னு எனக்கும் மனசு அடிச்சுக்கிட்டுத்தான் இருந்திச்சு. அதான் தம்பிக்குப் பழம் கட்டிக் கொடுத்தேன்."

வழக்கு முடிந்தது என்று சீனி கைகளைத் தட்டிக்கொண்டான். ரஹ்மத் தலையை ஆட்டினான். அந்த வெள்ளிப் பெட்டி வெறும் தகரமாம். அதன் மேல் பொட்டு வைக்கலாம், மாலையே போடலாம், ஒன்றும் ஆகாதாம். திரை இருண்டதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம்.

ஆக, குற்றவாளி கிடைத்தார். குற்றம்தான் வேறு ஒன்று.

மங்களம் திறந்திருந்த லோரி எஞ்சினுக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு ரஹ்மத்திடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அந்தப் பெட்டிக்குள் விரல் பட்டால் நகர்கிற சாமான் ஏதாவது இருக்கிறதா? எதுவும் கிடையாது, எல்லாம் ஈயம் வைத்து ஒட்டியது, திருகாணி போட்டது, என்று அடுக்கிக்கொண்டே வந்தவன் பாதியில் நின்றான்.

"இருக்கு அக்கா. நீலமா ஒரு சின்னக் கட்டை. அதுல வெள்ளையா எட்டுப் பல்லு, அரிசி அளவுதான் இருக்கும். எந்த மாதிரித் திரை மாட்டியிருக்குன்னு அதுதான் பெட்டிக்குச் சொல்லும். பூட்டும்போது ஒரு தடவை வச்சதோட சரி. அத யாரு தொடப் போறான்னு நான் திரும்பிப் பார்க்கவே இல்ல."

பல்லுக்கு யாராவது பொட்டு வைப்பார்களா என்று சீனி கேட்டான். அர்ச்சுனன் தன் மூன்று லோரி மேலும் ஆணையிட்டு, நீலக் கட்டையைத் தான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை என்றார். காலை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான் என்றாள் மங்களம்.

விஜயதசமிக் காலையில் கோப்பெங்கே அந்த வகுப்பறைக்குள் இருந்தது. கோயில் தலைவர், தட்டச்சு படிக்கும் பெண்கள், அவர்களுடைய அம்மாமார், கம்ப்யூட்டர் என்றால் சினிமா காட்டுகிற பெட்டி என்று கேள்விப்பட்டு நாற்காலி பிடித்துவிட்ட இரண்டு கிழவர்கள். கடைசி வரிசையில் கைலியும் சட்டையுமாக மீரா சாஹிப். மகனைக் கையோடு கூட்டிப் போக வந்தவர் மாதிரி வாசலைப் பார்த்தே நின்றார்.

தீபம் காட்டி, மஞ்சள் துணியை எடுத்து, நல்லம்மாள் சுவிட்சைப் போட்டாள். காற்றாடி சுற்றியது. திரை இருட்டு. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நல்லம்மாள் ரஹ்மத்தை நோக்கித் திரும்பினாள்.

"எல்லாரும் பாத்துக்குங்க. இதுதான்..."

"ஒரு தடவை தொறக்கட்டும் புள்ள," என்றார் அர்ச்சுனன்.

பெண்டாட்டி பேசும்போது அவர் குறுக்கே பேசியதே அந்த ஊருக்குத் திறப்பு விழாவைவிடப் பெரிய செய்தி. நல்லம்மாளே ஒதுங்கி வழிவிட்டாள். ரஹ்மத் மின்சாரத்தை நிறுத்தி, மூடியைத் திறந்தான். நீலக் கட்டையைப் பார்த்ததும் அவன் முகத்தில் இரண்டு நாள் கழித்து ரத்தம் ஓடியது.

"மூணு பல்லு மேல ஏறியிருக்கு அக்கா. நான் கீழதான் வச்சேன். மூணும் பக்கத்துப் பக்கத்துல."

அர்ச்சுனன் முன்னால் வந்தார். நீலக் கட்டையைப் பார்க்கவே இல்லை என்று நேற்றுச் சத்தியம் செய்தவர், இப்போது கூட்டத்தையும் ரஹ்மத்தையும் பார்த்துவிட்டு, எல்லாம் தன் வேலைதான் என்று ஒப்புக்கொள்ளத் தயாராகிவிட்டார். மங்களம் அவரைப் பேச விடவில்லை. அவர் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை அந்தக் கட்டைக்கு நேராகத் தூக்கிக் காட்டினாள். ரஸ்தாளிப் பழம் மாதிரி இருந்தது விரல்.

"இந்த விரல் பட்டிருந்தா எட்டுப் பல்லும் ஏறியிருக்கும்ணே. கட்டையே கழண்டு வந்திருக்கும். இது மூணு பல்லு அகலந்தான் உள்ள விரலு. கீழேருந்து மேல ஒரே இழுப்பு."

சீனியின் கை தானாகத் தன் நெற்றிக்குப் போனது. தலைமுடியில் நேற்றைய சந்தனம் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒன்றைக் கண்டுபிடித்தும் அவன் சொல்லாமல் நின்றான். மங்களமும் யாரையும் பார்க்கவில்லை. மூடியின் திருகாணியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள்.

நல்லம்மாள் குனிந்து பார்த்தாள். இரண்டு பல்லுக்கு நடுவில், ஊசி முனை அளவுக்கு, மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. பிறகு தன் மோதிர விரலைப் பார்த்தாள். சந்தனம் ஏறி ஏறி நகக்கண் எப்போதும் மஞ்சள்.

அவள் நினைத்திருந்தால் அப்போது மூடியை மூடிவிட்டு, சரி, ஏதோ பிழை, தம்பி சரி பண்ணிட்டான் என்று முடித்திருக்கலாம். அந்த ஊரில் பல பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். பெயர் சொல்ல வேண்டாம். நல்லம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"வெள்ளிக்கிழம ராத்திரி துணியத் தூக்கிப் பாத்தேன். மூடி இல்லாம இருந்திச்சு. காத்தோட்டத்துக்கு இந்தத் தம்பிதான் தொறந்து வச்சிருக்குன்னு நெனச்சேன். வரிசையா வெள்ளையாப் பல்லு மாதிரி தெரிஞ்சிச்சு, மொகம்னு நெனச்சு நாந்தான் சந்தனம் வச்சேன். தூசு ஆகாதேன்னு உடனே முந்தானையால தொடச்சிட்டேன். தம்பி மேல ஒரு பிழையும் இல்ல. சனிக்கிழம நான் இந்த எடத்துலதான் சொன்னேன், இந்த எடத்துலயே சொல்றேன்."

ரஹ்மத் பேனா முனையால் மூன்று பல்லையும் ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினான். சுவிட்சைப் போட்டான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கடைசி வரிசையில் மீரா சாஹிப் உதட்டுக்குள் ஏதோ ஓதினார். திரையின் மூலையில் ஒரு பச்சைக் கோடு கண் சிமிட்டியது. அதன் பின்னால் எழுத்துகள் வரிசையாக வந்து நின்றன.

கிழவர் ஒருவர் இதில் சினிமா எப்போது வரும் என்று கேட்டார். மற்றவர்கள் கைதட்டினார்கள். தட்டச்சு படிக்கும் பெண்களில் ஒருத்தியின் அப்பா, சுங்காயில் கடை வைத்திருப்பவர், தனக்கும் இதே மாதிரி ஒன்று வேண்டும் என்று ரஹ்மத்தின் தோளைத் தட்டினார். மீரா சாஹிப் அவன் பக்கத்தில் வந்து, ரொட்டி வீச வேறு ஆள் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு நல்லம்மாள் புருஷன் பக்கம் திரும்பினாள். மூடியைத் திறந்தது தம்பி இல்லை என்றால், யார் திறந்தது? அர்ச்சுனன் லோரிகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். மேசையில் இருந்த நாலு வட்டத்துக்கும் அன்று சாயங்காலம்தான் விளக்கம் கிடைத்தது என்றும், அந்த விளக்கம் தெருமுனை வரைக்கும் கேட்டது என்றும் சொல்கிறார்கள்.

திரும்பி வரும்போது ரஹ்மத் பின் சீட்டில் எதையோ யோசித்துக்கொண்டே வந்தான். அடுத்த மாதம், சுங்காய்க்காரருக்கு அவன் செய்த இரண்டாவது பெட்டியைச் சீனிதான் தூக்கிக் காரில் ஏற்றினான். மூடியின் நடுவில், சிவப்புச் சாயத்தால், ஒரு வெள்ளிக் காசு அளவுக்கு வட்டம் வரைந்திருந்தது. இது என்ன பாய் என்று கேட்டான்.

"பொட்டு வைக்க எடம் வேணாமா அண்ணே?" என்றான் ரஹ்மத். "வெளிய எடம் குடுத்துட்டா, யாரும் உள்ள தேட மாட்டாங்க லா."